பதினெட்டு கிராம்

இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீர்
பழுப்புக் கேனில், காய்கறிப் பைக்குள்,
பள்ளத்தாக்கு ரயிலில் வந்தது அவள் மடிமேல்.
நேற்றிரவு குளிர்பெட்டியில்
பிளம் ஜாமுக்குப் பக்கத்தில் இருந்தது.
‘தொடாதே’ என்று மகனுக்கு
ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்.

ஃப்ரைபுர்க் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
தரையோடு திருகிவைத்த நாற்காலிகள்.
எதிரே ஒருவன், வடகடல் பக்கத்துப் பேச்சு.
இடக்கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.
அன்னெகிரெட் வேர்லெ, ஒக்கெ ப்ரோடெர்சன்:
இரண்டு கோப்பிலும் ஒரே மரபணு,
எப்போதோ செத்துப்போன
இரண்டு மருத்துவர்களின் பெயரில்.

‘உங்களுக்கும் அந்தப் படபடப்பு உண்டா?’
‘எந்தப் படபடப்பு?’

அவனுக்கு அது தெரியாது.
அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின.
மாமாவுக்குப் பின்மண்டையில் வந்தது.
தனக்குக் கண்.
ஆனால் அவர்கள் வீட்டில் யாருக்கும்
இதயம் காரணமில்லாமல் ஓடியதில்லை.

அவளுக்கோ
சிறுநீரகங்கள் இரண்டும் பளிங்கு மாதிரி.
அவற்றில் ஒன்றின் தலையில்தான்
குந்தியிருந்தது அது.

மலை என்று எழுதவேண்டிய இடத்தில்
மழை என்று எழுதிவிட்டது இவள் குடும்பம்.
வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது,
ஊர்தான் நனைகிறது.
அவன் குடும்பத்தில் அந்தப் பக்கமே இல்லை,
கிழிந்த ஓரம் மட்டும்.

‘வேர்லெ கோபம் என்றால்
பள்ளத்தாக்குக்கே தெரியும்’ என்றாள்.
‘அப்பா சூப் குடிக்கையில் திடீரென எழுவார்.
முகம் சுண்ணாம்பாய் வெளுக்கும்,
சட்டை முதுகோடு ஒட்டும்,
மேசை விளிம்பில் விரல்கள் ஆடும்.
நானும் தம்பியும் படிக்கட்டுக்கு ஓடுவோம்.
ஒருநாளும் அடித்ததில்லை அவர்.
இதோ அடிக்கப்போகிறார், இதோ, என்றே
பதினாறு வருஷம் போயிற்று.
குடலிறக்கத்துக்கு மயக்கமருந்து கொடுத்தார்கள்.
ரத்த அழுத்தம் ஏறியது, அவர் திரும்பவில்லை.
கோபத்தில் போனார் என்றது ஊர்.’

போன வருஷம் இவளிடமிருந்து எடுத்தார்கள்.
பதினெட்டு கிராம்,
எஃகுக் கிண்ணத்தில், வால்நட் அளவு.
மறுநாள் படுக்கையில் காத்திருந்தாள்:
நெஞ்சு அடிக்கவில்லை, கை வியர்க்கவில்லை.
லாண்டொலின் வேர்லெ
சூப்போடு கோபித்தவரில்லை என்று புரிய
ஒரு முழுப் பகல் பிடித்தது.
பயந்து ஓடிய கால்களை
இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒக்கெ கைக்குட்டையால்
கண்ணோரம் துடைத்துக்கொண்டான்,
அந்தக் கண்ணுக்கு அது வழக்கம்தான்.

‘என் அப்பா வெளியிலிருந்து
மணமுடித்து வந்தவர்.
சோதித்தார்கள்.
எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.
குரல் உயர்த்தியதில்லை,
பெல்ட்டைக்கூட
மெதுவாகத்தான் கழற்றுவார்.’

சுவரில் ஓர் எண் ஒளிர்ந்தது. அவளுடையது.
ஏதோ சொல்ல வாயெடுத்து
கேனின் மூடி இறுக்கமா என்று
ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு
உள்ளே போனாள்.