நாற்காலிக் கணக்கு

செந்தூல் திடல். மழை விட்டும் தூறல் விடவில்லை.
வரிசைக்கு முப்பத்திரண்டு, இருபது வரிசை:
அறுநூற்று நாற்பது சிவப்பு நாற்காலி என்று
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.
பின்வரிசை ஐந்தில் மழைநீர் உட்கார்ந்திருந்தது.

மாண்புமிகு ஒன்பதரைக்கு மேடையேறினார்.
கோழி விலைக்கு ஒரு நிமிடம்,
தமிழ்ப்பள்ளி நிலத்துக்கு அரை.
பிறகு கைநீட்டி,
"அதோ நிற்கிறார்களே,
உங்கள் வலியை விற்றுத் தின்கிறவர்கள்" என்றார்.
விரல் போய் முடிந்த இடத்தில் நான்.
கையில் ஒரு பேனா, பாதி கடித்த கறிபாப்.

தலைகள் திரும்பின.
மூன்றாம் வரிசையில் புஷ்பலீலா அக்கா.
எங்கள் அடுக்ககத்தில் எட்டு மாதம் ஓடாத லிஃப்டை
நான் எழுதி, மாநகர் மன்றம் வந்து பழுதுபார்த்த அன்று
டப்பா நிறைய கேசரி கொடுத்தனுப்பியவர்.
"விலைபோனவங்க!" என்று எல்லாரோடும் கத்தினார்.
என்னைக் கண்டார். நிறுத்தவில்லை;
குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.
அந்தத் தணிவுதான் இன்னும் காதில் கிடக்கிறது.

பதினொன்றுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு.
"எத்தனை பேர்?"
ஐந்நூறு இருக்கும்.
"அவர்கள் பத்தாயிரம் என்கிறார்கள்.
புலனத்தில் படமே வந்துவிட்டது."
படத்தில் முழுநிலா இருக்கிறது, ஐயா.
இங்கே நான் குடையோடு நிற்கிறேன்.
அவர் மூச்சுவிடும் சத்தம்.
விளம்பரப் பக்கம் புரளும் சத்தம்.
"இரண்டையும் போடம்மா. நடுநிலை."
ஐந்நூற்றுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே
கால் வைக்க எங்கே ஐயா நிலம்?
அதற்குள் போனை வைத்துவிட்டார்.

லாரியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த தேவசகாயம்
காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் போலும்.
"பத்தாயிரம்னே போடுங்க.
பேப்பரைக் காட்டி வாடகை கேக்கிறேன்.
போன தேர்தல் பாக்கியே இன்னும் வரல."
சிரித்தார். நானும்.
பிறகு ஒவ்வோர் அடுக்காகத் தட்டி
சத்தமாக எண்ணினார்.
யாரும் கைதட்டவில்லை.
ஒன்று குறைந்தது.
முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

காலையில் ஏழாம் பக்கத்தில் "பெருந்திரள்" என்றிருந்தது.
எண்ணே இல்லை.

ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் திறந்தால்
உள்ளே புஷ்பலீலா அக்கா, ஈரக் குடையோடு.
கதவு மூடியது.
இருவரும் கதவுக்கு மேலேயே பார்த்தோம்.
எட்டு. ஏழு.
"நேத்து நல்ல மழை" என்றார்.
ஆமாம்க்கா.
ஆறு.