வெறும்வயிறு

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே, மாடியில் எங்கள் லேப்.
ஆறரைக்குப் பூட்டைத் திறக்கும் முன்பே
படிக்கட்டில் பேச்சு நிரம்பியிருக்கும்.
ராத்திரியிலிருந்து பட்டினி கிடப்பவர்களைப் போல
சாப்பாட்டைப் பற்றி யாரால் பேச முடியும்!

'மரச்சீனிய விட்டேன், முட்டுவலி போச்சு'
என்கிறார் கிறிஸ்துதாஸ், தடிமில்லில் கணக்கு எழுதுகிறவர்.
'விட்டது மரச்சீனியா, மில்லுக்க படியா?'
என்கிறாள் லைலா பீவி.
பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்.
தேங்காயெண்ணெய் அவளுக்கு அமிர்தம்,
அவருக்கோ ரத்தக்குழாயில் உறைந்த மெழுகு.
எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டர்,
அந்தப் பக்கம் ஒரு டாக்டர்.
இருவரும் எழுதித் தந்தது ஒரே மாத்திரை.

நான் டியூப்களில் பெயர் ஒட்டுகிறேன்.
சிவப்பு மூடி. சாம்பல் மூடி.
தினை என்கிறார்கள், ஓட்ஸ் என்கிறார்கள்,
ஊறவைத்த வெந்தயம், ஊறவைக்காத வெந்தயம்.
'சம்பா அரிசி தின்னா சுகர் ஏறாது கேட்டியளா.'
'அப்ப எனக்க மாப்பிளைக்கு எப்படி ஏறிச்சு?'
பாவக்காய் என்று யாரோ சொன்னதும்
மொத்த பெஞ்சும் ஒருகணம் வாய்மூடுகிறது.

ஊசி இறங்கும்போதும் அப்படித்தான்.
எல்லார் வாதமும் அடர்சிவப்பாய்
ஒரே நிறத்தில் ஏறுகிறது குழாயில்.

ஓரத்தில் இருந்தவளைக் கூப்பிடுகிறேன்.
சுகிர்தபாய், நாற்பத்தாறு, முந்திரி ஆபீஸ்.
விரல்நுனிகள் கருத்து, தோல் உரிந்து.
'ராத்திரி என்ன சாப்பிட்டிய?'
'இருந்தத.'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'பத்து மணி நேரம் வெறும்வயிறா இருந்தியளா?'
சிரிக்கிறாள், வாயைப் பொத்தாமல்.
'அது நீங்க சொல்லியா தரணும், பிள்ளே.'

சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்து
வரச்சொல்லி எல்லாரையும் அனுப்புகிறேன்.
ஜன்னல் வழியே டீக்கடை தெரிகிறது.
புட்டும் கடலையும் முடித்த கிறிஸ்துதாஸ்
மேலே என் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு
பேப்பருக்குப் பின்னால் ஏத்தன்பழ பஜ்ஜியைக் கடிக்கிறார்.
பாதியைப் பிய்த்துக்கொள்வது லைலா பீவியின் கை.
சமாதானம் அவ்வளவு சுலபமாக வருகிறது.

ஒன்பது மணிக்குத் திரும்புகிறார்கள்
உதட்டில் எண்ணெய் மினுங்க.
பேச்சு இப்போது நடைப்பயிற்சி பற்றி.

முந்திரி ஆபீஸில் எட்டுக்குச் சங்கு ஊதும்.
அவள் பெயர் ஒட்டிய இரண்டாவது சாம்பல் மூடி
தட்டில் காலியாக நிற்கிறது.
பத்தரை வரை அதை எடுத்து வைக்கவில்லை நான்.
என் இட்லிப் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை.