வெங்காயம்

இடப்பக்கம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.
தமிழில் அதற்கு என்னிடம் இருப்பவை
ஒரு பாடப்புத்தகச் சொல், நான்கு வசவு.
மாரீஸ்வரியிடம் "அங்க" என்றேன்.
புரிந்துகொண்டாள்.

வின்னிபெக், பிப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
ஊரே உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கிறது.
மரிசெல் என்று அட்டை தொங்கிய பெண்
துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
களிம்பைச் சூடுபண்ணி வைத்திருந்தாள்;
அதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு.

திரை அவள் பக்கம்.
எனக்கு அவள் முகம்தான் திரை.
ஒரு க்ளிக். இன்னொன்று.
புருவம் ஏறியதா, மூக்குக்கண்ணாடியைத் தள்ளினாளா?
"என்ன தெரியுது?"
"டாக்டர் சொல்வார்."
பஸ் ஓட்டுகிறவன் நான்.
அடுத்த ஸ்டாப் எது என்று கேட்பவரிடம்
ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ரத்தம் மூன்று குப்பி.
அதில் ஒன்று, கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பார்களே,
அதே சோதனை.
குளியலறையில் ஒற்றைக்கோட்டை
நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வீசியவள்
என் தாளில் "இல்லை" என்றிருந்ததை
விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.
பிறகு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்,
கரண்ட் பில்லின் மேல்.

டாக்டர் கோவல்ச்சுக் திரையை என் பக்கம் திருப்பினார்.
சாம்பலுக்கு நடுவில் ஒரு சின்னக் கோள்,
கருப்பு வளையம், வெள்ளை வளையம், மறுபடி கருப்பு.
நிறத்தை முடுக்கினார்:
சுற்றிலும் சிவப்பும் நீலமும் ஓடின,
அதனுள் மட்டும் ஒரு பொட்டு ரத்தமில்லை.
"வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல" என்றார்,
"பெரும்பாலும் கெட்டதில்லை."

வெங்காயம்!
விருதுநகரில் எங்கள் கணக்கு வாத்தியார்
விடைத்தாளை விட்டெறிந்துகொண்டே சொல்வது.
ஒன்றுக்கும் உதவாதது, ஒன்றும் பண்ணாதது,
போடா வெங்காயம்.
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

பெரும்பாலும் என்பதற்கும் முழுக்க என்பதற்கும் நடுவே
ஒரு கத்தி போகவேண்டியிருக்கிறது.
அதை மட்டும் தோண்டி எடுப்பார்களாம்,
நான் தூங்கும்போதே துணுக்கைப் பக்கத்து அறைக்கு அனுப்பி
உறையவைத்துச் சீவிப் பார்ப்பார்களாம்.
வெங்காயம்தான் என்றால் தையல்.
இல்லையென்றால், முழுசும்.
படிவத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.
இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன், ஒரே பேனா,
இரண்டாவது கொஞ்சம் கோணல்.

இன்ஜின் உறையாமல் இருக்கச் செருகியிருந்த வயரைப்
பிடுங்கிச் சுருட்டினாள் மாரீஸ்வரி.
"என்னவாம்?"
"வெங்காயமாம்."
"அதுக்கா இத்தன நாளு சோறு எறங்காம கெடந்தீங்க"
என்றவள்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாவியைத் திருகாமல்
உட்கார்ந்தே இருந்தாள்,
எங்கள் மூச்சு முன்கண்ணாடியில்
உள்பக்கமாக உறையும்வரை.