அரைப்பேர்

நுவரெலியாவில் மாநாடு.
ஏரிக்கரை ஹோட்டல், மேல்மாடி.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயரின் நடுவே ஓர் எழுத்தைக் காணோம்.
சொல்லவில்லை.
அட்டை எழுதிய பையனுக்கு விரல் விறைத்திருந்தது.

கலாநிதி ஹப்புகொட பேசுகிறார்.
பதினைந்து நிமிடம், கேள்விக்கு ஐந்து.
தலைப்பை ஒரே மூச்சில் சொல்ல முடியாது:
தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான
குரல்வழி வருகைப் பதிவுச் செயலி,
ஒரு வட்டார வழக்கில் பேச்சறிதல்,
சில தொடக்கநிலை முடிவுகள்.
திரையில் சிவப்புக் கோடு இறங்குகிறது.
பிழை வீதம் முப்பத்தெட்டிலிருந்து இருபத்திரண்டு.
முன்வரிசை தலையசைக்கிறது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
அது இறங்கிய ஒவ்வொரு படியிலும்
என் இரவு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
நாற்பத்தொரு மணிநேர ஒலிப்பதிவு.
ஹெட்போனைக் காதோடு அழுத்தி
நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி கேட்டு,
தகரத்தில் விழும் மழையை ஒதுக்கி
நாயை ஒதுக்கி
நிறுவைக்காரரின் அதட்டலை மட்டும் ஒதுக்காமல்
(அதுவும் மொழிதானே)
எழுதினேன்.

இயந்திரத்துக்குக் காது முளைத்தது கொழும்பில்.
செய்தி வாசிப்பவர்களின் தமிழைத் தின்று வளர்ந்தது.
'பெரட்டுக்குப் போகணும்' என்றால்
'புரட்சிக்குப் போகணும்' என்று எழுதியது.
அழிக்க மனமில்லாமல்
ஓர் இரவு அப்படியே விட்டுவைத்தேன்.
காலையில் திருத்தினேன்.
கவ்வாத்து மலை கவலை மலையானது.
அதையும் திருத்தினேன், யோசித்து.

ஆனால் இந்தப் பேர்!
அதற்குப் பிடிபடவே இல்லை.
பதினேழாம் பேச்சாளர் சொல்கிறாள்:
'நேத்து பதினாறு கிலோதான், அரைப்பேரு போட்டுட்டாங்க.'
இயந்திரம் எழுதியது:
யார் பேரு போட்டுட்டாங்க.

அகராதியில் இல்லையே, குறிப்பு ஒன்று வேண்டும் என்றார் கலாநிதி.
கொடுத்தேன்.
பேர்: ஒரு நாள் வேலை, அதற்கான கூலி.
கொழுந்தின் நிறை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர்.
மனிதரைக் கூப்பிடவும் இதே சொல்தான்.
சூழலை வைத்துப் பிரித்தறிய வேண்டும்.
கடைசி வரிக்குப் பிறகு
கொஞ்ச நேரம் விசைப்பலகையிலிருந்து கை எழவில்லை.

பதினேழாம் பேச்சாளருக்கும் ஒரு பெயர் உண்டு.
நெறிமுறைக் குழு அதைப் பூட்டி வைத்திருக்கிறது.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்,
'எம்பேரு புஸ்தகத்துல வருமா?'
வராது, உங்க நல்லதுக்குத்தான் என்றேன்.
'அப்ப இதுக்கும் பேரு கெடையாதா'
என்று இடுப்பில் படங்கை இறுக்கிக்கொண்டு
மலையேறிப் போனாள்.

கட்டுரையில் நான்கு ஆசிரியர்கள்.
எட்டாம் பக்க அடியில், எறும்பு எழுத்தில்,
'ஒலிபெயர்ப்பில் உதவிய திருமதி யோ. சித்ராவுக்கு நன்றி.'
எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
என் பெயர் இரண்டாக உடையக்கூடியதும் இல்லை.
ஹப்புகொட கெட்டவரல்ல.
சம்பளம் தேதி தவறியதில்லை.
பக்கக் கட்டுப்பாடு என்றார், உண்மைதான்.
பதினாறு கிலோவும் உண்மைதான்.

கேள்வி நேரம்.
பின்வரிசையில் ஒரு ஜெர்மன்காரர்:
அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளை
உங்கள் மாதிரி எப்படிப் பிரிக்கிறது?
கலாநிதி திரையைப் பார்த்தார்.
பிறகு மூன்றாம் வரிசையை.
'அதைச் சொல்லக்கூடியவர் இங்கேயே இருக்கிறார்.'

மைக் கை மாறி மாறி வந்தது.
யன்னலுக்கு வெளியே ஏரியைப் பனி மூடியிருந்தது.
எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.
அமர்வுத் தலைவி முன்னால் குனிந்து,
'முதலில் உங்கள் பேர்' என்றார்.

சொன்னேன்.
அட்டையில் விடுபட்ட 'ச்' உட்பட,
தேவைக்கு மேல் சத்தமாக. மைக் விசிலடித்தது.
மிச்சமிருந்தது இரண்டு நிமிடம்.
ஏழு எடுத்துக்கொண்டேன்.
தேநீர் இடைவேளை தள்ளிப்போனது.