தேவைப்பட்டால்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பர்னிக்கு வண்டி ஓட்டி வருகிறேன்.
காகித ஆலை மூடிப்போன டாஸ்மேனிய ஊர்.
கடல் பக்கம் ஜன்னல் வைத்த முதியோர் காப்பகம்;
ஜன்னல் பக்கம் முகம் வைத்தவர்கள் குறைவு.
காலை பதினொன்றுக்கே
கூடத்தில் எல்லோர் மோவாயும் மார்பில்.
தொலைக்காட்சியில் யாரோ கேக் சுடுகிறார்கள்.

எனக்கு வேலை ஆட்களோடு இல்லை, மருந்து அட்டைகளோடு.
தொடங்கிய தேதிக்கு ஒரு கட்டம்.
நிறுத்திய தேதிக்கும் ஒன்று உண்டு, காலியாக.

பதினேழாம் அறை. யூனா ஹேபர்லி, எண்பத்து நான்கு.
மார்ச்சில் குளிப்பாட்ட வந்தவளை
முள்கரண்டியால் குத்தினார்.
அன்று எழுதியது:
காலையில் அரை, இரவில் ஒன்று,
தேவைப்பட்டால் இன்னும் ஒன்று.
இப்போது அக்டோபர்.

தேவைப்பட்டால்.
எழுவாய் இல்லாத சொல்.
யாருக்கு என்று கேட்டேன்.
இரவுப் பணி ஜோசிவினி சிரிக்கவில்லை.
"நாப்பத்தோரு கட்டில், ரெண்டு பேர்.
கழிப்பறையில ஒருத்தர் விழுந்தா மிச்சம் ஒரே ஆள்.
நீங்க பகல்ல வர்றீங்க."

மருத்துவரிடம் பேசிக் குறைத்தோம்.
அரை, கால், அரைக்கால்,
பழைய வாய்ப்பாடு போல,
கத்தி முனையில் வெள்ளைத் தூள் ஒட்ட.

மூன்றாம் வாரம் கஞ்சியைத் தள்ளினாராம், உப்பில்லை என்று.
ஆறாம் வாரம் தானே செருப்பு மாட்டினாராம்,
இடம் வலம் மாறாமல்.
தொலைபேசியில் நான் மகிழ்ந்தேன்.

ஜனவரியில் போனபோது
கண் திறந்து என்னைப் பார்த்தார்.
சாம்பல் நீலம். இத்தனை நாளில் அந்த நிறத்தை
நான் பார்த்ததேயில்லை.
"ஆல்பி எங்கே?"

ஜோசிவினி என்னை வாசலுக்கு இழுத்தாள்.
கணவர். ஜூலையில் அடக்கம்.
சக்கர நாற்காலியில் முதல் வரிசையில்தான் இருந்தாராம்.
பெட்டி இறங்கும்போது கடைவாயில் எச்சில்;
யாரோ துடைத்துவிட்டார்கள்.
"அமைதியாக இருந்தார்" என்கிறது அன்றைய குறிப்பு.

மறுபடி சொன்னோம்.
மறுபடி என்ன, முதல் தடவைதான்.

அழுத அழுகையில்
பதினாறாம் அறை மணி அடித்தது, பிறகு பதினெட்டு.
மருந்து வண்டி வந்து நின்றது.
செவிலி என்னைப் பார்த்தார்.
அட்டையில் அந்தச் சொல்
இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது.

அன்று நான் கிளம்பவில்லை.
ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத கோடை.
ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விடிவதற்குள் மூன்று தடவை கேட்டார்.
மூன்று தடவையும் சொன்னேன்.
நான்காவதாக வாய் திறந்தபோது
ஜோசிவினி மாற்றுத் துணியோடு கடந்து போனாள்,
நிற்கவில்லை.
அவளுக்கு இன்னும் நாற்பது கட்டில்.