கடனீந்தோர் பட்டியல், இலக்கம் 37

படிவம் மூன்று பக்கம்.
புதுக்கடையில் மூன்றாம் தட்டு,
காற்றாடிக்குப் பறக்காமல்
கண்ணாடிக் குண்டு ஏற்றி வைத்த தாள்களுக்கு நடுவே
சட்டத்தரணி ரிஸ்மியா சொன்னார்:
"சாரணர் மன்றம் வங்குரோத்து.
இனி வழக்கு இல்லை.
வரிசைதான்."

வரிசையில் முதலாவது வங்கி,
பொரளைக் காணியை ஈடு பிடித்தவர்கள்.
பிறகு காவலாளியின் நான்கு மாதச் சம்பளம்,
சேமலாப நிதி.
பிறகு கூடாரம் தைத்துக்கொடுத்த பஞ்சிகாவத்தைக் கடை,
தொப்பியும் கழுத்துத்துணியும் விற்றவர்,
நீர் வழங்கல் சபை
எல்லோரோடும் ஒன்றாக நாங்கள்,
நாற்பத்தொரு பேர்.

கடனீந்தோர் என்று அச்சடித்திருக்கிறது.
நல்ல தமிழ்.
ஈதல் என்றால்
கை மேலே இருப்பவன் செய்வது.
பதினொரு வயதில்
நான் எதை ஈந்தேன்?

கடன் ஏற்பட்ட திகதி.
தொண்ணூற்றாறு ஓகஸ்ட், ஒரு சனி.
ரயிலில் குண்டு வெடித்த மறுமாதம்.
தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி.
மதிலுக்கு உள்ளே என்றால் பிள்ளை பத்திரம் என்று
அம்மா இரண்டு முட்டை அவித்துக் கட்டித் தந்தாள்.
மதிலுக்கு உள்ளே
ஆறாம் இலக்கக் கூடாரம்.

கடன் ஏற்பட்ட விதம். சுருக்கமாக எழுதவும்.
இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
ஒன்று போதுமாயிருந்தது.

சான்றுகள்.
துருப்பிடித்த அலுமாரியை உடைத்தபோது அகப்பட்ட கூட்டக்குறிப்பு,
என் சனிக்கிழமைக்கு இரண்டு வருடம் மூத்தது:
பெற்றோர் ஒருவரின் முறைப்பாடு வாசிக்கப்பட்டது.
மேற்படி ஆசிரியர் வேறு குழுவுக்கு மாற்றப்பட்டார்.
தேநீர் உபசாரத்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.

வேறு குழு என்பது நாங்கள்.
அந்தத் தேநீரைத்தான்
என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

போன முறை இதே படியில்
பன்னிரண்டாம் இலக்கம் ஏறி வந்தார். செலஸ்ரின்.
மோதரையில் ஐஸ் லொறி ஓட்டுகிறாராம்.
இருவரும் ஒரே கணத்தில்
இடக்கையை நீட்டிவிட்டோம்,
அவர்கள் பழக்கிய கைகுலுக்கல்.
தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அது நின்றுபோனது.
தலை கோத எடுத்த கை போல
அவர் அதை உயர்த்திக்கொண்டார்.
நான் படிவத்தைக் கை மாற்றினேன்.
மழை வரும்போல என்றார்.
வரும்போலத்தான் என்றேன்.

ரூபாய்க்கு ஒன்பது சதம் தேறுமாம்.
அதுவும் காணி நல்ல விலைக்குப் போனால்.
இருபத்தெட்டு மாடி வரப்போகிறது,
நீச்சல் தடாகம் ஏழாவதில்.
கணக்கில் நான் கெட்டிக்காரன்.
ஓர் இரவில் ஒன்பது வீதம்
நாற்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம்.
அதற்குள் மற்றவர்கள்
நெருப்பைச் சுற்றியிருந்து பாடி முடித்திருந்தார்கள்.

கடைசிக் கேள்வி:
இக்கடனுக்குப் பிணையாக
மன்றத்தின் சொத்து எதையேனும் வைத்திருக்கிறீரா?

வைத்திருக்கிறேன்.
ஒரு விசில். பித்தளை. பச்சைக் கயிறு.
விடியுமுன் அவருடைய குறட்டைக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது.
காலையில் கை தட்டித்தான் எல்லோரையும் எழுப்பினார்.
நான் ஏற்கெனவே எழும்பி நின்றிருந்தேன்,
சப்பாத்துக்குள் அதை வைத்து, நொண்டாமல்.
இப்போது மேசை லாச்சியில் கிடக்கிறது.
ஒருநாளும் ஊதியதில்லை.

ரிஸ்மியா பேனையை மூடினார்.
"அதை எழுதவேண்டாம். விலை போட்டுக் கழிப்பார்கள்."
"எவ்வளவு?"
"பித்தளைதானே. நூறு, நூற்றைம்பது."

எழுதினேன்.
விசில், ஒன்று.
எங்கோ ஓர் இருப்புப் பதிவேட்டில்
அந்த வருடம் ஒன்று குறைந்திருக்கும்.
காணவில்லை என்று எழுதியிருப்பார்கள்.
தேடியும் இருப்பார்கள்.