மூன்றும் எட்டும்

மத்திய வீதிக் கடையில் ரிஃப்கான் தந்தவை இரண்டு.
வாங்குவதென்றால் வெள்ளிக்கிழமை காசு,
இல்லையென்றால் கீறல் விழாமல் திரும்பி வர வேண்டும்.
ஒன்று வெள்ளி நிறம், சவர்க்காரக் கட்டி அளவு.
மற்றது கறுப்பு, ஓரத்தில் ரப்பர் உரிந்தது,
லீவில் வந்த யாரோ விற்றுவிட்டுப் போனது.

திருக்கடலூரில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கமரா வேண்டும்.
பகலில் அதற்கு வேலையில்லை.
விடியப்புறம் மூன்று மணிக்குக் கரையேறும் வள்ளத்தின்
இலக்கம் தெரிய வேண்டும்,
வலை அறுந்த இடம் தெரிய வேண்டும்,
ஃபிளாஷ் அடிக்கக் கூடாது.
அடித்தால் கண் கூசி ஏசுகிறார்கள்.
போன மாதம் ஒருவர் நண்டால் எறிந்தார்.

நான் எழுதுவினைஞர்.
கமரா தெரியாது, கணக்குத் தெரியும்.
ஆகவே கணக்கு மாதிரியே செய்தேன்:
ஒரே வள்ளம், ஒரே தூரம், ஒரே மஞ்சள் விளக்கு,
இரண்டையும் மீன்பெட்டியின் மேல் அருகருகே வைத்து
மூச்சைப் பிடித்து
ஐஎஸ்ஓ நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு.
பிறகு சங்கத்துக் கணினியில்
திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி.

வெள்ளிக் கமரா இருட்டை மெழுகிவிடுகிறது.
கடல் மடிப்பில்லாத கறுப்புச் சேலை.
மணலில் மணல் இல்லை.
ஞானசீலனின் நாலு நாள் தாடி
யாரோ தடவிவிட்ட கரி.
கணவாய்க்குப் போனவர்களின் விளக்குகள் தூரத்தில்
தேத்தண்ணியில் விழுந்த டின்பால் போல
ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன.
அழகுதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புக்கு மெழுகத் தெரியாது.
படம் முழுக்க ரவை,
சிவப்பும் பச்சையுமாய்ப் பொரிப் பொரியாய்.
இதற்குப் பெயர் இரைச்சல் என்றான் ரிஃப்கான்.
படத்தில் என்ன இரைச்சல்?
"ரேடியோவை ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில
திருகிப் பாருங்க, அதுதான்."

அதற்குள் கண்ணை வைத்தேன்,
காதை வைப்பதுபோல.
கயிற்றின் முறுக்கு இருந்தது.
வலையில் அறுந்த கண்களை எண்ண முடிந்தது, பதினேழு.
வள்ளத்தின் இலக்கம்
ஒன்று ஆறு மூன்று எட்டு.

வெள்ளியில் அதே வள்ளம், அதே நிமிடம்:
ஒன்று ஆறு எட்டு எட்டு.
மூன்றின் இரண்டு வாயையும்
இரக்கப்பட்டு மூடிவிட்டிருந்தது.

ஒன்று ஆறு எட்டு எட்டு
உப்புவெளிச் செல்வமலரின் பெயரில் உள்ளது.
எஞ்சின் கடனுக்குப் போய்
ஆறு மாதமாய்க் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.
அதன் கீழே நாய் குட்டி போட்டிருக்கிறது.
அது எப்போது கடலுக்குப் போனது,
யாருடைய வலையை அறுத்தது?

வியாழன் கூட்டம்.
படங்களைத் தாளில் எடுத்து மேசையில் பரப்பினேன்.
தலைவர் முதலில் தேடியது தன் முகத்தை.
படிக்கட்டு விளக்கில் அவரையும் எடுத்திருந்தேன்.
வெள்ளியில் அவருக்குப் பத்து வயது குறைவு.
"கமரா எண்டா இதெல்லோ."
பொருளாளர் மற்றதைத் தள்ளிவைத்தார்:
"இதில எனக்கு அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு."

மூன்றையும் எட்டையும் காட்டினேன்.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்கள்,
கழற்றிப் பார்த்தார்கள்.
"நம்பரை நீர் கையால எழுதும் பிள்ளை,
பேனை இருக்குத்தானே."
ஏழு கை உயர்ந்தது.
எழுதுவினைஞருக்கு வாக்கு இல்லை.

கறுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில்
பஸ் நிலையத்துக்கு அருகே மான்கள் படுத்திருந்தன,
மூடிய கடைகளுக்கு முன்னால்
வாழைப்பழத் தோல் மென்றபடி.
பற்றரியில் ஒரு கோடு மிச்சம்.
எடுத்தேன்.
கொம்பு எது, இரைச்சல் எது என்று தெரியவில்லை,
ஆனால் ஒரு மான் மட்டும்
என்னைப் பார்த்திருந்தது.

"அழிக்கட்டா?" என்றான் ரிஃப்கான்.
மெமரி காட் என்னுடையது என்றேன்.
அதற்கு அறுநூறு ரூபாய். என் காசு.

மூன்றே கால்.
வெள்ளிக் கமரா கழுத்தில் தொங்குகிறது.
ஒரு வள்ளம் மணலை உரசி நிற்கிறது.
ரோச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
கொப்பியில் எழுதுகிறேன்,
மூன்றை
வாய் நன்றாகத் திறந்து.